லேபிள் மாறிய தட்டு

முந்நூறு தட்டுகள் வந்திறங்கின
பிர்னோவில், ட்ராம் பணிமனைக்குப் பின்னாலுள்ள நிலவறைக்கு.
ஒரு பக்கம் நாங்கள், 'பல்வலி'.
மறுபக்கம் 'ஈரச் சிமெண்ட்'.
ஆலையில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள்.

ராடோவான் அட்டைப்பெட்டியை உதைத்தான்.
க்வியேத்தா சிரித்தாள்,
பாதிப் பணம் அவளுடையது.
முள்ளை வைத்தால்
எங்கள் பெயரில் அவர்களுடைய இரைச்சல்,
ஆம்ப்ளிஃபயர் கருகும் சத்தம் உட்பட.

திருப்பி அனுப்பக் காசில்லை. விற்றோம்.

ஓஸ்ட்ராவாவில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்:
"நான்காம் நிமிடத்தில் சட்டென்று ட்ரம்ஸை நிறுத்துகிறாயே,
அங்கே எனக்கு மூச்சே நின்றது."
நிறுத்தியது நானல்ல.
குச்சி முறிந்து
ஸ்பினெக் தரையில் வேறொன்றைத் துழாவிக்கொண்டிருந்தான்.

நன்றி என்றேன்.

இப்போதெல்லாம்
எங்கள் பாட்டிலும் நான்காம் நிமிடத்தில் நிறுத்துகிறேன்,
முறியாத இரண்டு குச்சிகளும்
கையிலிருக்க.