தகடு

காத்தான்குடிப் பிரதான வீதி. இல்ஹாமின் கடை.
இரண்டு பேர்ஸ்; ஒரே கறுப்பு, ஒரே மெலிவு.
ஒன்றுக்கு மட்டும் அறுநூறு ரூபாய் கூட.
"உள்ளுக்குத் தகடு சேர்.
இல்லாட்டி பொக்கட்டுக்குள்ள இரிக்கக்குள்ளயே
காட்ட வாசிச்சிருவானுகள்."

வாசிக்கட்டும்.
என் கணக்கில் கிடப்பது
லீசிங்காரன் வாசித்து முடித்த மிச்சம்.

பழையதைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தேன்:
அடகுச் சீட்டு, கிளினிக் துண்டு,
எழுத்தழிந்த பற்றுச்சீட்டுகள்,
மூலை நைந்த அடையாள அட்டை.
"தகடு இதையும் காக்குமா தம்பி?"
சிரித்தான்.
"அதுல சிப் இல்லயே சேர். அத ஆரும் வாசிக்கேலா."

வலையிறவுப் பாலத்தில்
பஸ்ஸை விட்டிறக்கி வாசித்தார்கள்:
பெயரை, ஊரை,
பிறகு வெயிலில் வைத்து
என் முகத்தை.

தகடில்லாததை வாங்கினேன்.
வங்கி அட்டை அதற்குள் அடங்கிற்று.
அடையாள அட்டை மட்டும் சட்டைப் பையில்,
கை தானாகப் போகும் இடத்தில்.