கடைசி இலக்கம்

பகலில் முந்நூறு டன் பாறையோடு
கலாமா சுரங்கச் சரிவில் லாரி ஓட்டும் யஸ்னா
இரவு வகுப்பில் மூச்சை அடக்குகிறாள்.
தராசின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தால்
மூச்சுக்கும் எடை விழுகிறது.

தாமிரத் தூள், 1.27 கிராம்.
பீங்கான் கிண்ணத்தில் சுட்டாள். கறுத்தது.
எரிந்தது குறையத்தானே வேண்டும்?
1.58.
ஆறவைத்து மறுபடி வைத்தாள்.
1.58. கடைசி எட்டு மட்டும்
ஏழாகவா ஒன்பதாகவா என்று தடுமாறியது.

காற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது ஆக்சிஜன்.
பெயர்க் கட்டத்தில் எழுதினாள்:
தாமிரம், அடைப்புக்குள் ரோமன் இரண்டு, ஆக்சைடு.
இரண்டு என்பது தாமிரம் இழந்த எலக்ட்ரான்களாம்.
இழந்தது பெயரில்.
சேர்ந்தது எடையில்.

நகக்கண்ணில் கரியோடு விடிந்தது.
எடைமேடையில் லாரி ஏறியதும்
ரெனான் கத்துகிறான்: "முந்நூறு!"
கண்ணாடியை இறக்கி அவள் கேட்கிறாள்:
"அதில் எத்தனை இலக்கம் நிச்சயம்?"