நசுக்கியது: ஒன்று

டிராயிங்கில் எண் மட்டும் இருக்கும்.
எதற்கு, எங்கே, எதில் ஏறிப் போகும் என்று
யாரும் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை.
சின்னவேடம்பட்டியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு
முன்பக்கம் கோழித்தீவனக் கிடங்கு,
பின்பக்கம் கிரைண்டர் கல் கொத்துகிற சத்தம்.
நடுவில், ஏசி போட்ட கண்ணாடி அறையில்
டைட்டானியம் வளையங்களை அளக்கிறேன் நான்.

உறை மாட்டோணும் முதலில்.
கைச்சூடு ஏறினால்
உலோகம் பொய் சொல்லும்.

போன மாசம் இருபத்து நாலில் ஒன்று
மூன்று மைக்ரான் பெருத்துப்போயிற்று.
ஒரு தலைமுடியை இருபது இழையாகக் கிழித்தால்
அதில் ஒரு இழை. அவ்வளவுதான்.
பிஸ்வஜித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருசம்,
தமிழில் அவன் முதலில் கற்ற சொல் ‘தேறாது’.
அன்றைக்கு அதை அவனே சொல்லிவிட்டு
பேக்கரிக்கு டீ குடிக்கப் போய்விட்டான்.

தேறாததற்குச் சிவப்புப் பெயிண்ட்.
தேறாததற்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.
பதிவேட்டில் நான் எழுதினேன்:
நசுக்கியது, ஒன்று.
கையெழுத்தும் போட்டேன்.
தூக்குப்போசியில், மிச்ச ரசத்துக்குள்
அது வீடு வந்து சேர்ந்தது.

காரணம் ஒன்றும் பெரிசில்லை.
ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்
வாயைத் திறந்துகொள்கிறது.
லைன் வீட்டு மொட்டைமாடியில் டிஷ் தலையாட்டும்.
கீழே என் அறையில்
சீரியல் மாமியார் சதுரம் சதுரமாக உதிர்வாள்,
வாய் ஓரிடம், பொட்டு ஓரிடம்.
“வாசர் தேஞ்சு போச்சுங்க” என்ற டிஷ்காரன்
அடுத்த வாரம் என்றான்,
அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

ராத்திரி ஏணி வைத்து ஏறினேன்.
போல்ட்டில் அது அப்படியே உட்கார்ந்தது.
டிஷ்ஷுக்கு மூன்று மைக்ரான் ஒரு குற்றமா?
ஸ்பானரை இறுக்கும்போது மருதமலை விளக்குகள்.
அதற்கும் மேலே, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்,
ஒன்று அசையாமல் நின்று
எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது,
மாசம் இருநூற்று இருபது ரூபாய்க்கு.

நிலவில் இறங்குகிற அன்று
சீக்கிரமே ஷிப்ட் விட்டார்கள்.
ஆடி போயும் காற்று போகவில்லை.
வளவே என் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
தனக்கோடி அக்கா மட்டும்
கையில் மாவுக் கரண்டியோடு வாசற்படியில்.
வெளியே எங்கோ தகரம் பிய்த்துக்கொண்டு போனது.
படம் அசையவில்லை.
உயரம் எண்ணூறு. நூற்றைம்பது.
வரிசை வரிசையாக மேசைகள்,
மூச்சு விடாத முதுகுகள்.
அப்புறம் அவர்கள் கை தட்டினார்கள்.
நாங்களும் தட்டினோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிஸ்வஜித்தின் போனில் அது இன்னும் இறங்கவில்லை.
அவன் நெட் அரை நிமிசம் பிந்தித்தான் வரும்.
அவன் கடைந்த வளையம்
(போயிருந்தால். போகாமலும் இருக்கலாம்)
சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் நிற்கிறது,
அந்தப் பக்கம் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.
கத்திச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.
சொல்லவில்லை.
பிறகு அங்கே இரும்புக் கட்டில் குதித்தது,
ஒடியாவில் ஒரு கூச்சல்.
இரண்டாம் தடவையும் பத்திரமாக இறங்கியது.

டிவியில் ரொம்ப நேரம் பேசினார்கள்.
லேத் எதையும் காட்டவில்லை.
எண்ணெய்ப் பிசுக்கை யார் காட்டுவார்கள்.
“நம்ம வளையம் அங்க இருக்குதாம்மா?”
மகன் கேட்டான்.
தெரியாது சாமி என்றேன்.
டிராயிங்கில் எண் மட்டும்தானே.
ஒன்று மட்டும் எங்கே இருக்கிறதென்று தெரியும்,
வாயை மூடிக்கொண்டேன்.
பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவான்.

பத்து மணிக்கு, விட்டுப்போன சீரியல்.
மாமியார் முழு முகத்தோடு வந்தாள்,
பொட்டு பொட்டிருந்த இடத்தில்.
மேலே காற்று சுழற்றியடிக்கிறது.
சிவப்புப் பெயிண்ட் உரிந்திருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கோணும்.