முன்பல் நான்கு

வாஷிங்டனிலிருந்து பென்ஷன் கோப்பு வந்துவிட்டது.
நாற்பத்தோரு பக்கம். நகலுக்கு எண்பது டாலர்.
மதிய இடைவேளையில், கிளினிக் பின்னறையில்,
ஸ்டெரிலைசர் சீறிக்கொண்டிருக்கப் பிரித்தேன்.

ஆர்ரின் பெல்டன், கான்சஸ் பீரங்கிப் படை.
உயரம் ஐந்தடி ஏழு. கண் சாம்பல்.
வலக்காது செவிடு.
நாள்பட்ட வயிற்றுப்போக்கு,
நாளுக்கு எத்தனை முறை என்பது வரைக்கும்
அரசாங்கம் கேட்டு எழுதி வைத்திருக்கிறது.
அதற்குக் கீழே டாக்டர் அவசரமாகக் கிறுக்கிய வரி:
மேல் முன்பல் நான்கும் இல்லை. உதட்டில் தழும்பில்லை.
போருக்கு முந்தைய இழப்பு. இதற்குப் பணம் கிடையாது.

பதினெட்டு வருஷமாக ஊரார் வாய்க்குள்
விளக்குப் பிடித்துப் பிழைக்கிறவள் நான்.
சொத்தை இப்படி வரிசை பார்த்து வராது.
குதிரை உதைத்திருந்தால் உதடு கிழிந்திருக்கும்.
நான்கும் சேர்ந்தாற்போல் போயிருக்கிறது என்றால்
குறடு.

அன்றைய தோட்டாவுக்குக் காகித உறை.
பல்லால் கடித்துக் கிழித்து
மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும்.
முன்பல் இல்லாதவன் காலாட்படைக்கு ஆகமாட்டான்.

முப்பத்தாறாம் பக்கத்தில் பக்கத்து நிலத்துக்காரர்
க்ளீட்டஸ் ரன்யனின் சத்தியவாக்கு:
"டென்னசியில் இவன் எசேக்கியா ஸ்ப்ரோல்.
தெற்கத்திப் படைக்கு ஆள் பிடிக்க வந்த வாரம்
கொல்லர் பட்டறையில் போய் உட்கார்ந்தான்.
பிறகு ராத்திரியோடு ராத்திரியாக மேற்கே,
ஒரு கழுதை, அரை மூட்டைச் சோளம்.
பெல்டன் என்பது வழியில் கவிழ்ந்து கிடந்த
யாரோ ஒருவன் வண்டிப் பலகையில் பார்த்தது.
சோடை போகாத பெயர் என்று சொன்னான்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எங்கள் வீட்டில் பெயரே போயிருக்கிறது.
என் சட்டையில் குத்தியிருக்கும் பட்டயம்,
அப்பா தபால்பெட்டியில் பெயின்ட் அடித்தது,
தம்பி விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டது,
எல்லாம் செத்தவன் வண்டி.

ஓடி வந்தவன் ஏன் மறுபடி சேர்ந்தான்?
பீரங்கிக்குப் பல் வேண்டாம், கயிறு இழுக்கக் கை போதும்,
அதுவரை சரி.
மாதம் பதின்மூன்று டாலருக்கா, வேறெதற்குமா,
ரன்யன் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எழுதவில்லை.

தம்பி ஒருவன் இருந்திருக்கிறான். ஆபியா ஸ்ப்ரோல்.
பத்தொன்பது வயது, டென்னசிக் காலாட்படை,
ஆஜர், ஆஜர், ஆஜர், பிறகு வெற்றுக் கட்டம்.
அவனுக்குப் பல் எல்லாம் இருந்தது.

நேற்றிரவு சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
அண்ணன் போன வழி நீலப் பேனா,
தம்பி போன வழி சிவப்பு.
இரண்டும் மிக நெருங்கிய இடத்தில்
ஸ்கேல் வைத்து அளந்தேன்: பதினோரு மைல்.
பீரங்கிச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்குமா
என்று கணவரிடம் கேட்டேன்.
காற்றைப் பொறுத்தது என்றார், டிவியைப் பார்த்தபடி.

ஒன்றரை மணி நோயாளி வந்தாயிற்று,
கோதுமை லாரி ஓட்டும் பையன், புதுப் பல் ஒன்று.
உயரம் சரிபார்க்க
நீலக் காகிதத் துண்டைப் பல்லிடுக்கில் வைத்து
தினமும் இருபது தடவை சொல்வதைச் சொல்ல வேண்டும்.
இன்று கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது வாயில்:

கடிங்க.