முடிவை மட்டும் பார்க்கிறேன்

லாங்கென்தாலைச் சராசரி ஊர் என்பார்கள்.
புதுத் தயிர் வந்தால் முதலில் இங்கேதான்
விற்றுப் பார்ப்பார்களாம்.
இந்த ஊர் முகம் சுளித்தால்
சுவிஸ் முழுக்கச் சுளிக்குமாம்.
அந்தத் தயிரை நானும் வாங்கியிருக்கிறேன்.
என் சுளிப்பைச் சேர்த்தார்களோ தெரியாது.

எனக்கு இரவு வேலை,
ஹெர்க்கிங்கனில் தபால் பிரிப்பது.
வருஷத்தில் நாலு தடவை
வாக்கு உறைகள் வரும், பெட்டி பெட்டியாய்.
மாட்டுக்குக் கொம்பு இருக்க வேண்டுமா,
ஓய்வூதியத்தில் பதின்மூன்றாம் மாதம் வேண்டுமா,
நாடு யோசித்து ஒட்டியதெல்லாம்
என் கையைத் தாண்டித்தான் போகும்.
பத்தொன்பது வருஷம்.
என் பெயருக்கு ஓர் உறை வந்ததில்லை.
பிரஜாவுரிமை நேர்காணலில்
சந்தை கூடும் நாள் எதுவென்று கேட்டார்கள்.
நான் பகலில் தூங்குகிறவள்.
ஏதோ ஒரு நாளைச் சொன்னேன்.

ஸ்டிம்லியை என் போனில் ஏற்றித் தந்தது ரேத்தோ.
கேள்வி வரும்.
வலப்பக்கம் தள்ளினால் ஆம்,
இடப்பக்கம் இல்லை,
கீழே இழுத்தால்: முடிவை மட்டும் பார்க்கிறேன்.

ரயிலில் அவித்த முட்டை சாப்பிடலாமா?
ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கலாமா?
பூனை செத்ததைப் பிள்ளைக்குச் சொல்லலாமா,
அல்லது அதே நிறத்தில் இன்னொன்று வாங்கலாமா?
முட்டை விஷயத்தில் தோற்றேன்.
பூனையில் வென்றோம்.
"வென்றோம்" என்று சொன்னபோது
ரேத்தோ என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
அவனுக்கு எப்படிப் புரியும்,
ஒரு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு!
எங்கள் பக்கம் வாக்குக் கொடுப்பது என்றால்
அதற்குப் பிறகு தூக்கம் போகும்.
இதில் அந்தத் தொல்லை இல்லை.

மாசி மாதம், இரவு இரண்டு இருபது.
கோப்பி மெஷின் பக்கத்தில் நிற்கிறேன்.
"இன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவா?"
கூடவே ஒரு படம்:
உயரமான நடைபாதை, ஈரப்பனி,
ஒரு சிவப்புச் சூட்கேஸ்.
அந்த உயரம் எனக்குத் தெரியும்.
ஒரு காலத்தில் லாங்கெத்தே ஆற்றை
வீதியால் ஓடவிட்ட ஊர் இது.
ஆட்கள் மேலே நின்று பார்க்கக் கட்டிய கல்.

யாருடைய வீடு, உள்ளே யார்,
சூட்கேஸ் வந்ததா, போகிறதா,
எதுவும் எழுதவில்லை.
என் விரல் வலப்பக்கம் கொஞ்சம் போனது.
இடப்பக்கம் கொஞ்சம்.
மணி அடித்தது, இடைவேளை முடிந்தது,
கீழே இழுத்தேன்.

போ: நூற்றுப்பதினாறு.
போகாதே: நூற்றியொன்று.
முடிவை மட்டும் பார்த்தோர்: ஆயிரத்து நானூற்றாறு.

முதல் ரயிலில் இறங்கி அங்கே போனேன்.
பனியில் இரண்டு கோடுகள்,
சில்லுப் பட்ட தடம்,
நடைபாதையின் விளிம்பு வரைக்கும்.
அங்கே தூக்கித்தான் இறக்க வேண்டும்.
கீழே வீதியை வழித்துவிட்டிருந்தார்கள்.
உப்புத் தூவியவர்
ஏதும் தொலைத்தீர்களா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஸ்டிம்லியில் பதில் எழுத முடியாது.
கேள்விதான் போடலாம்.
நான் ஒருநாளும் போட்டதில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினேன்:
"சிவப்புச் சூட்கேஸ்காரரே, போய்ச் சேர்ந்தீர்களா?"
ஜெர்மனில் ஓர் எழுத்துப் பிழையோடு போனது.

திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினேன்.
பின்னேரம் எழும்பிப் பார்த்தால்
ஆம்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
இல்லை: அறுபத்துநாலு.
இந்தச் சராசரி ஊரில்
எத்தனை சிவப்புச் சூட்கேஸ்.

கேட்டவளை அதில் எண்ணுவதில்லை.
முடிவை மட்டும் பார்த்தோர்:
ஒருவர்.