சின்னச் சத்தம்

பஃபலோ ஊரில் இருபத்தோரு வருடமாய் மருந்துக்கடை எனக்கு.
மாத்திரையை ஐந்தைந்தாய்த் தள்ளி எண்ணும் கத்தி
என் விரலின் நான்காவது கணு.
ஒரு கிரெய்ன் எவ்வளவு என்று
உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பழைய மருந்தேட்டுக்கும் வெடிமருந்துத் தராசுக்கும்
அளவு ஒன்றுதான்.
அந்தக் கர்வத்தில் வந்தது வினை.

பிப்ரவரி. வையோமிங் காற்று கராஜ் கதவைக்
கடன்காரன் மாதிரி உலுக்கிக்கொண்டிருந்தது.
மரத்தட்டில் ஐம்பது பித்தளைக் கூடுகள்,
பல் டாக்டர் முன்னால் போல வாய் பிளந்து.
சிக்கனமான மருந்து, சிட்டிகை போதும்.
கூட்டில் பாதிகூட நிரம்பாது.
இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது,
காட்டிக்கொடுக்காது.
அன்று அது எனக்குக் குணமாகத்தான் பட்டது.

மூன்றாவது வரிசையில் தொலைபேசி.
தம்பி ஓரின்.
அப்பாவின் டிரக்கை விற்பதா வேண்டாமா,
புது டயருக்கு யார் பணம் கொடுத்தது.
பதினெட்டு நிமிடம்.
திரும்பி வந்தபோது
விட்ட இடம் இதுதான் என்றது விரல்.
நம்பினேன்.
விளக்கைக் கிட்டே இழுத்து
ஒவ்வொரு வாயாய் எட்டிப் பார்க்க
அரை நிமிடம் ஆகியிருக்கும்.
ஈயத்தை வைத்து அழுத்தி மூடிவிட்டேன்.

ஞாயிறு, சுடுதளம்.
எட்டாவது குண்டு
பொத்
என்றது, ஈர மூட்டை விழுந்த மாதிரி.
காகிதத்தில் புது ஓட்டை இல்லை.
என் கையோ பழகிய கை,
இழுத்து, தள்ளி, அடுத்ததை ஏற்றிவிட்டது.
விரல் விசைக்குப் போகும் வழியில்
"நிறுத்து!"
மாய்ட்டே எச்செவெரி, தளத்தின் பொறுப்பாளர்.
ஒரு காது கேட்காது அவளுக்கு.
சத்தத்தை நம்பாமல் தோள்களைப் பார்ப்பவள்.
"உன் தோள் அசையவில்லை" என்றாள்.

துப்புரவுக் கம்பி குழலில் பாதி போய் முட்டி நின்றது.
நடுவழியில் உட்கார்ந்திருந்தது ஈயம்.
இதன் பின்னால் இன்னொன்று போயிருந்தால்
என்று தொடங்கிய மாய்ட்டே
வாக்கியத்தை முடிக்கவில்லை.
கையுறையைக் கழற்றிப் பழைய தையலைக் காட்டினாள்.

அந்தக் கூட்டில் மருந்து விழவில்லையென்றால்
விழவேண்டிய மருந்து
எங்கே விழுந்தது?
வீடு வரும்வரை இதே கணக்கு.
மீதி நாற்பத்திரண்டையும்
பிடுங்கு சுத்தியலில் தட்டித் தட்டிப் பிரித்தேன்,
ஒவ்வொன்றாய்த் தராசில் ஏற்றினேன்.
முப்பத்தொன்றாவதில் இருந்தது
இரட்டையாய்,
மற்றவற்றைப் போலவே உடுத்திக்கொண்டு,
பரம சாதுவாய்.

திங்கள் காலை கவுண்டரில் ஹால்வர்சன் கேட்டார்:
"இரண்டு தடவை எண்ணுகிறாயே, வயதாகிறதா?"
ஆமாம் என்றேன்.

இப்போது வாங்குவது பருமனான மருந்து.
இரட்டித்தால் கூடு வழிந்து
மேசையெல்லாம் கொட்டி என் மானத்தை வாங்கும்.
வாங்கட்டும்.
செல்போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான்
கராஜுக்குள் காலெடுத்து வைக்கிறேன்.

ஓரினுக்குக் கோபம்.
டிரக் இன்னும் விற்கவில்லை.