மூன்றாம் மாடி

ஆண்டின் கடைசி வேலைநாள். மொண்டெவிடியோவில்
அன்று காலண்டர்களைக் கிழித்து
அலுவலக ஜன்னல்களிலிருந்து வீசுவார்கள்.
பிப்ரவரி என் தலையில் விழுந்தது.
ஜூலை ஒரு நாயின் முதுகில்.

பீட்சாக் கடையில் ஐந்து பேர்.
தெருவில் பொறுக்கிய தாள்கள்தாம் வாக்குச்சீட்டு.
என்னுடையதன் மறுபக்கம் யாருடையதோ மே மாதம்;
பதினேழாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு
வட்டி என்று எழுதியிருந்தது.

ஆளுக்குப் பத்துப் படம்.
விதி ஒன்றே ஒன்று: பார்க்காத படத்துக்கு வாக்கில்லை.
விதியைக் கொண்டுவந்தவன் யமண்டு.
ஆறு வருடத்துக்கு முன் வால்டெமார்
போஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு
ஒரு படத்துக்கு இரண்டாமிடம் கொடுத்ததைக்
கையும் களவுமாகப் பிடித்தவன்.

நீபியாவுக்கு அந்தக் கொரியச் சலவைக்கடை.
மூன்று மணி நேரம், பேச்சே கிடையாது,
சட்டைகள் காய்கின்றன.
"நடுவில் எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன்,
அதே சட்டை" என்றாள் சுல்மா.
"அதே சட்டையில்லை. காலர் வேறு."
நீபியாவின் மூக்கு சிவந்தது.

வால்டெமாருக்கு வழக்கம்போல் துப்பாக்கி.
நாற்பது பேர் செத்தால் ஒரு நட்சத்திரம் கூட.
சுல்மா மாத்தேக் குழலை நீட்டி நீட்டி
பிரேசில்காரர்களின் வெள்ளப் படத்தைக் கிழித்தாள்:
"தண்ணீர் நன்றாக நடித்தது.
மற்றவர்கள் நனைந்தார்கள்."

பிறகு யமண்டு எழுந்து நின்றான்.
பஸ் ஓட்டுகிறவன்; உட்கார்ந்தே பிழைக்கிறவன்,
முக்கியமானதை நின்றுகொண்டுதான் சொல்வான்.

"பீரோ" என்றான்.

ஜார்ஜியப் படம். அம்மா செத்தபின்
பதினோரு வருடமாகப் பேச்சில்லாத அண்ணனும் தம்பியும்
ஆறாம் மாடியிலிருந்து அவளுடைய பீரோவை இறக்குகிறார்கள்.
அவ்வளவுதான். படிக்கட்டு, மூச்சு,
உன் பக்கம் தூக்கு.

"மூன்றாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறதே,
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்,
தம்பி வாயைத் திறக்கிறான்,
திரை இருண்டுபோகிறது.
பெயர்கள் ஓடவில்லை. இசை இல்லை.
அந்த இருட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இப்படி முடிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?"

யாரும் பேசவில்லை.
நாங்கள் பார்த்த பீரோ
தெருவரை போய்ச் சேர்ந்தது.
அதற்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது.
அதில் நடந்ததை
இங்கேயும் எழுத மாட்டேன்.

"எந்தக் காட்சிக்குப் போனாய்?" என்றேன்.
"செவ்வாய், மதியம். அரங்கில் நான் ஒருவன்தான்."

அந்தச் செவ்வாய் எனக்குத் தெரியும்.
நான் பல் செய்கிறவள். மூன்று மணிக்குக் கரண்ட் போய்
உலையில் ஏழு பற்கள் பாதி வெந்து நின்றன;
ஒரு வக்கீல் இரண்டு வாரம்
வாயை மூடிக்கொண்டு வாதாடினார்.

நீபியா வாயெடுத்தாள்.
சுல்மா ஒரு துண்டு ஃபைனாவை அதில் திணித்தாள்.
வால்டெமார் என்னைப் பார்த்தான்,
ஆறு வருடம் காத்திருந்த கண்களால்.
விதியை ஒரு தடவை சொன்னால் போதும்.
பிறகு பேனாவை எடுத்து
துப்பாக்கியை அடித்துவிட்டு
பீரோவை மேலே ஏற்றினான்.

ஐந்து சீட்டு. முதலிடம்.
நோட்டில் எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.
எந்தப் படத்துக்கு வாக்களித்தோம்?
எங்களுடையதில் தம்பி பேசிவிட்டான்;
பேசியது சற்று அதிகம்தான், இப்போது தோன்றுகிறது.
யமண்டுவுக்கும் ஒரு தம்பி உண்டு, சால்ட்டோவில்.
அவனைப் பற்றி
நாங்கள் கேட்டதில்லை.

வெளியே இன்னும் மாதங்கள் விழுந்துகொண்டிருந்தன.
பில் வந்தது. யமண்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.
"பிப்ரவரியில் மறுபடி போடுகிறார்களாம்.
இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன்."

"வேண்டாம்!" என்றோம் நாலு பேரும்.
பக்கத்து மேசைக் குழந்தை
கரண்டியைக் கீழே போட்டது.